எல்லையோரத்து மேடு

குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று எந்தத் திசையை நோக்கினாலும் மலையென்று சொல்ல ஒன்றுமில்லை. தீவுப்பகுதி முழுவதும் தட்டையான சுண்ணக்கல் நிலம். அதில் உயர்ந்து நிற்பவை பனைகள் மாத்திரமே. ஆயினும் எல்லையருகே நமக்கும் ஒரு சிறு குன்று உண்டு என்பேன். அது கச்சதீவு.

இது வெறும் உவமை அன்று. பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்த நாள்களில் அறிந்துகொண்ட செய்தி இது: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணையோ ஆழமற்றது. ஆகவே, இன்று வள்ளங்கள் ஓடும் இடம் அன்று நடந்து கடக்கக்கூடிய சமவெளி. பனி உருகிக் கடல் ஏறியபோது அந்தச் சமவெளி நீருள் மறைந்தது. நெடுந்தீவையும் நயினாதீவையும் கச்சதீவையும் அதன் மேடுகளாக எண்ணிப் பார்க்கலாம். இவற்றுள் கச்சதீவு மிகச் சிறியது. பரப்பு ஏறத்தாழ 285 ஏக்கர். நிலையான குடியிருப்பு இல்லை, குடிநீரும் இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, 1981இல், ஐயா என்னை அந்தோனியார் திருவிழாவுக்கு அழைத்துச் சென்றார். இராமேசுவரத்துப் படகுகளும் நம் வள்ளங்களும் ஒரே கரையில் நின்றன. நாங்கள் கொண்டுபோன பனங்கட்டியைக் கொடுத்து ஐயா ஒரு தூக்குவாளி வாங்கினார். எவரிடமும் கடவுச்சீட்டு இருக்கவில்லை. அது வேறு நாட்டவரும் வரும் இடம் என்பதே அன்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் எல்லை அதற்கு முன்பே வரையப்பட்டுவிட்டது. அந்தத் தீவு இராமநாதபுரம் சமீனுக்குரியது என்பது இந்தியத் தரப்பின் வாதம். இலங்கையும் நெடுங்காலமாக உரிமை கோரிவந்தது. 1921இல் கொழும்பில் இரு தரப்பு அதிகாரிகளும் மீன்பிடி எல்லை குறித்துப் பேசினார்கள், பிணக்கு தீரவில்லை. 1974 சூன் மாத இறுதியில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம், கச்சதீவுக்கு மேற்கே சுமார் ஒரு மைல் தொலைவில் கோட்டை வரைந்தது. தீவு இலங்கையின் பக்கம் வந்தது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போல் பயண ஆவணமின்றி வந்துபோகலாம் என்ற வாசகம் மட்டும் எஞ்சியது. 1976இல் பரிமாறப்பட்ட கடிதங்கள் இரு நாட்டு மீனவரையும் மற்றவர் கடலில் தொழில் செய்யவிடாது தடுத்தன. ஆக, கோடு வந்தது முதலில். தொழிலுக்குத் தடை வந்தது இரண்டாண்டு கழித்து.

பின்னர் போர் வந்தது. நம் கடற்றொழிலாளர் கடலுக்குள் செல்லத் தடை, திருவிழாவும் நின்றது. அந்தக் காலத்தில் தமிழகத்தில் இழுவைப் படகுகள் பெருகின. 2009இல் போர் ஓய்ந்து நம்மவர் வலையோடு திரும்பியபோது, அவர்கள் கடலில் வேறொருவர் இழுவை மடியை இழுத்துக்கொண்டிருந்தார். நம்மவர் ‘றோலர்’ என்று சொல்லும் அந்தப் படகு கடலடியைச் சுரண்டிக் குஞ்சுகளையும் முட்டைகளையும் அள்ளிச் செல்லும்; வழியில் கிடக்கும் சிறு வலைகளையும் அறுத்துவிடும். 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடைசெய்தது. மறுபுறம், கடற்படையால் தமிழக மீனவர் கைதானதும், சிலர் உயிரிழந்ததும் மறுக்கவியலாத துயரம்.

கச்சதீவை மீட்க வேண்டும் என்று 2025 ஏப்பிரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு செப்டெம்பரில் சனாதிபதி அநுர குமார திசாநாயக்க தீவுக்கே சென்று, அது தம் நாட்டுக்குரியதென்று உறுதி கூறினார். இரு தரப்புக்கும் நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றே. அந்த மேடு யார் கையில் இருந்தால் நெடுந்தீவுக் கடற்றொழிலாளியின் வலை அறுபடாது? இழுவைப் படகுகள் கச்சதீவோடு நின்றுவிடுவதில்லை. அதைத் தாண்டி வடக்குக் கரையை நெருங்குகின்றன. ஆகவே தீவைக் கொடுப்பதாலோ வைத்திருப்பதாலோ இது தீராது. தீர்வு, இழுவை மடியைக் கைவிட்டு வேறு தொழில்முறைக்கு மாறுவதிலும், அந்த மாற்றத்துக்கு உரிய பணத்தை அரசுகள் தருவதிலும் இருக்கிறது. 2014இல் சென்னையில் இரு கரை மீனவரும் நேரில் அமர்ந்து பேசினார்கள். ஒரே மொழியில் பேசினார்கள். அந்தப் பேச்சு தொடர்ந்து நடந்திருக்க வேண்டும்.

போரின் பின் திருவிழா மீண்டும் நடைபெறுகிறது. 2016 திசம்பரில் புதிய ஆலயமும் திறக்கப்பட்டது. குறிகட்டுவானிலிருந்து வள்ளங்கள் போகின்றன. ஆனால் இப்போது அங்கே கடற்படையினர் காவல் நிற்பார்கள். வருவோரின் பெயர்கள் பதியப்படும். ஐயா இருந்திருந்தால், பனங்கட்டிக்குத் தூக்குவாளி கிடைக்குமா என்று முதலில் விசாரித்திருப்பார்.