நம்மூர் ஆமைக் கணக்கு

தூத்துக்குடியைப் பற்றி எழுதுகிறவர்கள் முத்து, சங்கு, உப்பு, துறைமுகம் என்று நான்கைச் சொல்லி முடித்துவிடுவார்கள். ஐந்தாவதாக ஒன்று இருந்தது. நம் குடியிருப்பில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால் கொஞ்சம் தயங்கித்தான் சொல்வார்கள். இந்த ஊர் ஒரு காலத்தில் ஆமைச் சந்தை. தென் தமிழ்நாட்டில் கடலாமைக் கறிக்கு அவ்வளவு பெயர் பெற்ற ஊர் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

தை பிறந்தாலே கடலோரத்தில் ஆமை முட்டை, ஆமைக் குஞ்சு என்று செய்தித்தாளில் படம் வருகிறது. குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் ஆமையைக் காப்பாற்றுவது ஏதோ காலங்காலமாக நம் வழக்கம் என்பது போலப் பேசுவது சரியல்ல. இதே ஊர் இரண்டு தலைமுறைக்குள் எப்படி மாறியது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், இன்னும் எது மாறவில்லை என்பது புரியும்.

முதலில் பெயர்கள். நம் கடலில் ஐந்து வகைக் கடலாமைகள் உண்டு. இந்தியக் கடலில் பதிவான ஐந்தும் மன்னார் வளைகுடாவிலேயே பதிவாகியிருக்கின்றன. பச்சைக் கொழுப்புள்ள பெரிய ஆமை பேராமை. ஓட்டுக்காக வேட்டையாடப்பட்டது அழுங்காமை. தலை பெருத்தது பெருந்தலை ஆமை. முதுகில் ஏழு வரி ஓடும் மிகப் பெரிய ஆமை ஏழுவரி ஆமை. ஐந்தாவது சிற்றாமை. பங்குனி மாதத்தில் கரையேறி முட்டையிடுவதால் பங்குனி ஆமை என்றும் பெயர். செய்தித்தாளில் 'ஆலிவ் ரிட்லி' என்று வருவது இந்தப் பங்குனி ஆமையைத்தான். காலண்டரையே பெயராக வைத்த மீனவர்களின் கணக்கு எவ்வளவு துல்லியம் பாருங்கள்.

அதைவிடப் பழைய சாட்சி சங்கப் பாட்டில் இருக்கிறது. அகநானூற்றின் 160-ஆம் பாடல், நிறைசூல் ஆமை அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் முட்டையிட்டுப் புதைப்பதைச் சொல்கிறது. முட்டையின் உருண்டை வடிவம், புலால் நாற்றம் எல்லாம் அதில் வருகிறது. நேரில் பார்த்தவர் சொல்லாமல் இந்த விவரம் வந்திருக்காது. ஒன்றே ஒன்று பிசகு: குஞ்சு பொரியும்வரை ஆண் ஆமை காவல் இருக்கும் என்கிறது பாட்டு. முட்டையிடும் தாய்கூட ஒரு மணி நேரத்துக்குள் கடலுக்குத் திரும்பிவிடும். ஆண் ஆமை கரைக்கு வருவதே அபூர்வம். அடும்பங்கொடி மட்டும் இன்றும் நம் கடற்கரையில் அதே மணலில் ஊதாப் பூ பூத்துக் கிடக்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் கொற்கை முத்துக்குளிப்பு வருகிறது. தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்தார்கள் என்கிறது அந்த நூல். அதே நூலில், தமிழகக் கரையை ஒட்டிய தீவுகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆமை ஓடு ஏற்றுமதியானதும் வருகிறது. ஆக முத்தும் ஆமையும் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரே கடலின் சரக்குகள்.

ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. முத்துச் சிப்பிக்குக் கணக்கு இருந்தது. கடலுக்கடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டுகளைப் பார் என்பார்கள். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு, தொள்ளாயிரம் பார் போல. போர்த்துக்கீசியர் போய் 1658-இல் டச்சுக்காரர் வந்தார்கள், பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். யார் வந்தாலும் பார்களைப் பரிசோதிப்பது நிற்கவில்லை. முக்குளிப்பவர்களை இறக்கி, மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அழுகவைத்து, கிடைத்த முத்துக்கு விலை போட்டுப் பார்ப்பார்கள். கட்டுப்படியாகும் என்று தெரிந்தால்தான் அந்த ஆண்டு முத்துக்குளிப்பு அறிவிப்பு. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு முக்குளிப்பவருக்கு என்று பிரித்தார்கள். அக்கறையோடு எண்ணியதற்குக் காரணம் இந்தப் பங்குதான்.

சங்குக்கும் அப்படியே. முத்து, சங்குத் தொழிலுக்கு இங்கே கண்காணிப்பாளராக இருந்து, பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத்துறை இயக்குநரான ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் சங்கைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்தக் காலத்தில் கொண்டுவரும் சங்கை ஓர் அளவுத் துளையில் போட்டுப் பார்ப்பார்கள். துளைக்குள் நுழைந்துவிட்டால் அது சிறிசு. உயிரோடு கடலில் திரும்ப விட வேண்டும். சட்டம், சரணாலயம் என்ற பேச்செல்லாம் வருவதற்கு வெகு முன்பே நம்மூரில் நடந்த பாதுகாப்பு இது. வருமானம் தொடர வேண்டுமே என்ற கவலையில் பிறந்ததுதான் என்றாலும், பாதுகாப்பு பாதுகாப்புதானே.

ஆமையில் அரசுக்குப் பங்கு இல்லை. அதனால் கணக்கும் இல்லை.

பேராமை கடற்புல் மேயும் பிராணி. தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை தீவுகளை ஒட்டிய ஆழமற்ற கடலில் புல்வெளிகள் ஏராளம். அங்கே மேய வந்ததை வலை போட்டுப் பிடித்தார்கள். கரைக்குக் கொண்டுவந்து மல்லாத்திப் போட்டுவிட்டால் அதனால் திரும்ப முடியாது. நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஐஸ் இல்லாத காலத்தில் கெடாத கறி என்றால் அது ஆமைதான். வள்ளங்களில் உயிரோடு இலங்கைக்குப் போனது. உள்ளூர்ச் சந்தையில் அறுக்கும்போதே ரத்தத்தைத் தம்ளரில் பிடித்துக் குடிக்க ஆட்கள் காத்திருப்பார்கள். மூலத்துக்கும் இளைப்புக்கும் மருந்து என்பது நம்பிக்கை. இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். ஆட்டுக்கறி வாங்க முடியாத வீடுகளுக்கு இது மலிவான கறி.

அழுங்காமை மட்டும் ஆபத்து. அதன் கறி சில சமயம் நஞ்சாகும். தின்றவர்கள் இறந்ததும் உண்டு. அது தின்னும் கடற்பஞ்சு போன்றவற்றிலிருந்து நஞ்சு ஏறுகிறது என்கிறார்கள். இலங்கை மீனவர்கள் ஈரலை முதலில் காக்கைக்குப் போட்டுப் பார்ப்பார்களாம். காக்கை தொடாவிட்டால் கறியும் கிடையாது.

முதன்முதலில் உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் பார்த்தவர்கள் மண்டபத்தில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள். எஸ். ஜோன்ஸும் பாஸ்டியன் பெர்னாண்டோவும் மன்னார் வளைகுடா, பாக் நீரிணை ஆமைப் பிடிப்பைப் பற்றி ஒரு கட்டுரையை 1968-இல் ஒரு கருத்தரங்கில் படித்தார்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் ஆமைகள், அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு பேராமை என்பது அவர்கள் போட்ட கணக்கு. பேராமை முட்டையிடும் பருவத்துக்கு வர இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட பிராணியை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. சிறுசைத் திரும்ப விடச் சொல்லும் அளவுத் துளை ஆமைக்கு இருந்ததே இல்லை.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977-இல் கடலாமைகள் அதன் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. சந்தையில் வெளிப்படையாக அறுப்பது நின்று, கொஞ்ச காலம் மறைவாக நடந்து, பிறகு அதுவும் குறைந்தது. அதே ஆண்டுகளில்தான் சென்னையில் ராமுலஸ் விட்டேகரும் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த இளைஞர்களும் இரவில் கடற்கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகம் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான சதீஷ் பாஸ்கர் 1970-களின் பிற்பகுதியிலிருந்து இந்தியக் கடற்கரைகளையும் தீவுகளையும் பெரும்பாலும் கால்நடையாகவே அளந்தார். 2023-இல் காலமானார். நாட்டின் ஆமைக் கரைகளைப் பற்றி இன்று தெரிந்ததில் பெரும் பகுதி அவருடைய நடையில் தொடங்கியது.

அடுத்து 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம். நம்மூருக்கு நேர் எதிரே இருப்பவை வான்தீவு, காசுவாரி, விலாங்குச்சல்லி, காரைச்சல்லி. இந்தத் தீவுகளின் மணலும் ஆமை முட்டையிடும் இடம்தான். ஆனால் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் பவளப்பாறையைப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்துவிட்டோம். நம்மூர்ப் பழைய வீடுகள் சிலவற்றின் சுவரிலேயே அந்தக் கல் இருக்கிறது. 2001-இல் பவளமும் முதல் அட்டவணைக்கு வந்த பிறகுதான் அது படிப்படியாக நின்றது. அலையைத் தடுக்கும் பாறை போனால் தீவு நிற்குமா? விலாங்குச்சல்லி நீருக்குள் போய்விட்டது. வான்தீவும் கரைந்துகொண்டே வந்தது. 2015-க்குப் பிறகு அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கிக் கொஞ்சம் நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஆமையைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் போடுவது எளிது. அது ஏற வேண்டிய மணலைத் திரும்பக் கொண்டுவருவது அவ்வளவு எளிதல்ல.

இழுவலைக்கு வருவோம். இங்கே நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் அயலவர்கள் பலர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. மணிக்கணக்கில் இழுக்கும் வலைக்குள் மாட்டினால் மூச்சுத் திணறிச் சாகும். யாரும் வேண்டுமென்று கொல்வதில்லை. வலையில் ஒரு கம்பிச் சட்டத்தை வைத்தால் இறால் உள்ளே போகும், ஆமை மேலே உள்ள வாசலில் தப்பிக்கும். அந்தச் சட்டம் இல்லாமல் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா சொன்னபோது, இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998-இல் வந்த தீர்ப்பு, ஆமையைக் காக்கும் நோக்கத்தைத் தவறு சொல்லவில்லை; அமெரிக்கா நாட்டுக்கு நாடு பாரபட்சமாக நடந்துகொண்டதைத்தான் தவறு என்றது. கடலில் பிடிக்கும் இந்திய இறாலுக்கு அமெரிக்கக் கதவு 2019-இல் மறுபடியும் மூடியது. சட்டம் வைத்தால் மீனும் நழுவிப்போகிறது என்பது படகுக்காரர்களின் குறை. டீசல் விற்கும் விலையில் அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை. பங்குனி ஆமை கரைக்கு வரும் காலமோ ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அதாவது கடைசி ஆமை திரும்பிப் போகும் நேரத்தில் நாம் கடலுக்கு ஓய்வு கொடுக்கிறோம். மீன் இனப்பெருக்கத்தை வைத்துப் போட்ட தேதி அது, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் நூற்றுக்கணக்கில் செத்த ஆமைகள் ஒதுங்கியபோது, இந்த இடைவெளிதான் நினைவுக்கு வந்தது.

செத்து ஒதுங்குவது ஆமை மட்டுமல்ல. 1973-இல் பொங்கலை ஒட்டி நம் தென்கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. அதே மாதிரி 2016 ஜனவரியில், மணப்பாட்டை ஒட்டிய கடற்கரையில் 80-க்கு மேல். மீனவர்களும் அதிகாரிகளும் படகில் கட்டி இழுத்துக்கொண்டு போய் ஆழத்தில் விட்டார்கள். சில திரும்பவும் கரைக்கே வந்தன. முந்தையதை அன்றைய ஆய்வாளர்கள் எண்ணி அளந்து எழுதிவைத்திருந்ததால்தான் இரண்டாவது வந்தபோது ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

எண்ணினால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதாது. அவ்வளவு கவனமாக எண்ணிய முத்துச் சிப்பியே கைவிட்டுவிட்டது. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்போடு சரி, அதன் பிறகு இல்லை. ஆனாலும் பார் வெறுமையாக இருக்கிறது என்பதைச் சொல்லவே கணக்கு வேண்டியிருந்தது. ஆமைக்கு அந்தக் கணக்கு இப்போது நடந்து நடந்துதான் சேர்கிறது.

வனத்துறையின் காவலர்களும் உள்ளூர் இளைஞர்களும் பருவத்தில் விடியுமுன் கரையில் நடப்பது இதற்காகத்தான். டிராக்டர் போன மாதிரி மணலில் இரட்டைத் தடம் தெரியும். ஏறிய தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று. இரண்டும் சேரும் மேட்டில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்தால் ஓரிடத்தில் மணல் இளகும். அதற்கடியில் நூறு, நூற்றிருபது முட்டை இருக்கும். நாயும் நரியும் தோண்டுமுன் எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைப்பார்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், முட்டையை உருட்டவும் கூடாது. கரு ஓட்டோடு ஒட்டத் தொடங்கியபின் புரட்டினால் செத்துவிடும். ஏறக்குறைய 45 முதல் 55 நாளில் குஞ்சு வரும். மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். வெளியே வந்ததும் குஞ்சு எங்கே வெளிச்சமாக இருக்கிறதோ அந்தத் திசையில் ஓடும். ஒரு காலத்தில் இரவில் வெளிச்சமாக இருந்தது கடல் ஒன்றுதான்.

இந்தப் பருவத்தில் கடற்கரைப் பக்கம் அதிகாலை நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் அந்த இரட்டைத் தடத்தைப் பார்த்தால் மிதித்துக் கலைக்காமல், தோண்டாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். நாயை அழைத்துப் போகிறவர்கள் சங்கிலியில் பிடித்துக்கொள்ளுங்கள். மணற்பக்கம் பார்த்து விளக்கு வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் தையிலிருந்து சித்திரைவரை இரவு பத்து மணிக்கு மேல் அதை அணைத்துவைக்க முடியுமா என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் கேட்கலாம் என்றிருக்கிறோம்.