நாகப்பட்டினத்துச் சீனக் கோபுரமும் ஒன்பதாம் வகுப்புப் பாடமும்

போன சாரல் சமயம். மேலகரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பெண் சமூக அறிவியல் பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. "கன்பூசியஸ் சீனா, லாவோட்சு சீனா, ஜொராஸ்டர் பாரசீகம்" என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டு, "சீனாக்காரங்க சாமியெல்லாம் நமக்கு எதுக்குத் தாத்தா?" என்று கேட்டாள்.

அறுபது வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இதே கேள்வி இருந்தது. கேட்கத்தான் தைரியம் இல்லை.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். வாத்தியார் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எழுத்துப் பிழை ஒன்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் குறையும். கன்பூசியஸ் கி.மு. 551-இல் பிறந்து கி.மு. 479-இல் இறந்தார் என்று பிழையில்லாமல் எழுதினேன். அவர் என்ன சொன்னார் என்பது மனதில் தங்கவில்லை. சீனா என்பது பூகோளப் படத்தில் மஞ்சள் நிறத்தில் இருந்த ஒரு தேசம், அவ்வளவுதான்.

காரைக்காலிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டரில் நாகப்பட்டினம். அங்கே ஒரு காலத்தில் சீனக் கோபுரம் என்றே பெயர் பெற்ற ஒரு கோபுரம் நின்றது. மூன்று நிலைச் செங்கல் கட்டடம். கடலில் வரும் மாலுமிகளுக்கு அடையாளம். 14-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த சீனப் பயணி வாங் தாயுவான், ஒரு செங்கல் கோபுரத்தைப் பற்றியும், அது 1267-இல் முடிந்ததாகச் சொல்லும் சீன எழுத்தைப் பற்றியும் குறித்திருக்கிறார். அந்தக் கோபுரம் நாகையில் நின்றதுதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். 14 வருஷம் கழித்து, 1281-இல், சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் நம்மவர்கள் எழுப்பிய சிவன் கோயிலுக்குத் தமிழிலே ஒரு கல்வெட்டு வெட்டினார்கள். அந்தக் கல் இன்றும் இருக்கிறது.

நாகைக் கோபுரம்தான் இல்லை. அந்த இடத்தில் இருந்த இயேசு சபையினர் ஆங்கில அரசாங்கத்தின் அனுமதி பெற்று 1867-இல் இடித்துவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோங் என்ற சீன ஆசானுக்குக் 'கன்பூசியஸ்' என்று லத்தீன் பெயர் சூட்டி, 1687-இல் பாரிஸில் புத்தகம் போட்டு ஐரோப்பாவுக்கு அவரை அறிமுகம் செய்தவர்களும் இயேசு சபையினரே. இடித்தவர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அனுமதி என்றால் ஒரு கோப்பு நகர்ந்திருக்கும். என்னைப் போல ஒரு குமாஸ்தா அதைச் சுத்தப் பிரதி எடுத்து மேஜைக்கு மேஜை அனுப்பியிருப்பான். இது என்ன கோபுரம் என்று அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லையே! வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்து, ஒரு நூலகத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சீனாவில் மூன்று நெறிகள் கலந்து வாழ்ந்தன. கன்பூசியஸ் வழி, தாவோ வழி, மூன்றாவதாகப் புத்தர் வழி. அந்த மூன்றாவது நம் நாட்டிலிருந்து போனது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சிபுரம் வரை வந்ததும் அதைத் தேடித்தான். தகப்பன்-மகன், அண்ணன்-தம்பி, நண்பர்கள், அரசன்-குடி, கணவன்-மனைவி என்று ஐந்து உறவுகளில் ஒழுங்காக நடந்துகொள்வதே கன்பூசியஸின் பாடம். குறள் படித்த பிள்ளைக்கு இது அந்நியமா?

"லாவோட்சு?" என்றாள்.

"பேரருவிக்குப் போய்ப் பொங்குமாங்கடலைப் பார். தண்ணீரைவிட மெத்தென்றது உண்டா? அதுதான் அந்தப் பாறையைக் குடைந்திருக்கிறது. மென்மையானது வன்மையானதை வெல்லும் என்பதுதான் அவர் சொன்னது."

அவள் நோட்டில் அதை எழுதிக்கொண்டாள். பிறகு, "பரீட்சையில் குற்றாலம்னு எழுதினா மார்க் போடுவாங்களா தாத்தா?" என்று கேட்டாள். போட வேண்டும் என்பதுதான் என் ஆசை. உங்கள் பேரப்பிள்ளைகள் இந்தப் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், நாகைக் கோபுரத்தின் கதையை அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.