கணக்கு ஒப்பித்தல்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் ஆகாய கங்கையைப் பார்க்கப் போவார்கள். அறப்பளீசுவரரைத் தரிசிக்கப் போவார்கள். சங்க இலக்கியப் பித்துப் பிடித்தவர்கள் வல்வில் ஓரி ஆண்ட மண்ணை மிதித்துவிட்டு வரப் போவார்கள். நான் போனது கணக்குப் பார்ப்பதற்காக!

சிரிக்காதீர்கள். என் தங்கை மகள் கணக்கியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். மலைக் குடியானவர்கள் வரவு செலவை எப்படி வைத்துக் கொள்கிறார்கள் என்று நேரில் கேட்டு எழுத வேண்டுமாம். துணைக்கு மாமாவைப் பிடித்துக் கொண்டாள்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு ஏறுவதற்குள் தன் மனக்குறையைக் கொட்டிவிட்டாள்.

"மாமா, என் முதல் அத்தியாயத்தையே எடுத்துவிடச் சொல்கிறார் வழிகாட்டி. கல்வெட்டும் கர்ணமும் சரித்திரக்காரர்கள் பாடு, உனக்கு எதற்கு என்கிறார். என்ன செய்யட்டும்?"

அந்தப் பெரியவர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. இரட்டைப் பதிவு முறையை விளக்கி இத்தாலியப் பாதிரியார் பாச்சியோலியின் புத்தகம் வெனிஸில் அச்சானது 1494-ல். ஆனால் கணக்கியலுக்கென்று டாக்டர் பட்டம் என்பது நேற்றைய விஷயம். அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலை முதல் பட்டத்தைக் கொடுத்தது 1939-ல்தான். நம் நாட்டிலே கணக்கன் என்றால் பரீட்சையில் தேறித் தொழில் செய்கிறவன்; ஆராய்ச்சி செய்கிறவன் அல்லன். சுதந்திரப் போரில் வேலூர்ச் சிறைக்குப் போய் வந்த ஆர். சிவபோகம் அம்மையார் 1933-ல் கணக்கியல் டிப்ளமாவில் தேறி, இந்தியாவின் முதல் பெண் தணிக்கையாளர் ஆனார். ஆடிட்டர் படிப்பை முதுகலைப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஒப்புக்கொள்ள 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புதிதாக வீடு கட்டியவன் பாட்டன் வீட்டுத் தூணைக் கொண்டுவந்து நட விரும்பமாட்டான் அல்லவா?

ஆனால் அந்தத் தூண் சாமானியமானதன்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகள். தேர்தல் முறைக்காகவே அவற்றை எல்லோரும் புகழ்கிறார்கள். என் மருமகள் கண்ணில் பட்டது வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் பெயரை மட்டுமா? அவனுடைய தகப்பன், மகன், மைத்துனன், மருமகன், தாய்மாமன் என்று உறவுக்காரர்களையெல்லாம் வரிசையாக விலக்கி வைத்தார்கள்! நேர்மையாகச் சம்பாதித்தவனே ஊர்க் கணக்கு எழுத வேண்டும். எழுதியவன் தன் கணக்கைத் தானே கொண்டுவந்து ஒப்பிக்க வேண்டும்; வேறொரு கணக்கனை விட்டு முடிக்கக் கூடாது. பெரியவர்கள் கேட்டு, சுத்தம் என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு மறுபடி அந்த வேலை.

"எழுதுகிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர். இது கணக்கியல் இல்லாமல் வேறு என்ன மாமா?" என்றாள்.

நான் பதில் பேசவில்லை. எனக்கு என் அப்பாவின் நினைவு வந்துவிட்டது. அவளுக்குத் தாத்தா, ஊர்க் கர்ணம். அடங்கல், சிட்டா, அ-பதிவேடு என்று எங்கள் வீட்டுத் திண்ணை முழுவதும் கட்டுகள் கிடக்கும். ஜமாபந்திக்கு ஒரு வாரம் இருக்கும்போதே அப்பாவுக்குத் தூக்கம் போய்விடும். ஜூலை முதல் தேதி அடுத்த பசலி பிறந்த பிறகுதான் சிரிப்பார். கௌடில்யரும் ஆஷாட மாதத்திலேதான் ஆண்டுக் கணக்கை முடிக்கச் சொன்னார் என்று இவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனி-ஆடியில் கணக்கனுக்கு ஜுரம் வருவது அவ்வளவு பழைய வியாதி!

1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிந்தன. 20,000-க்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். சட்டம் சரிதான் என்றே நினைக்கிறேன். 1982-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதைத்தான் சொல்லிற்று. கர்ணம் நினைத்தால் ஏழையின் நிலம் ஏட்டில் இடம் மாறும் என்பதை, ஒரு கர்ணத்தின் மகன் என்பதற்காக நான் மறைக்கலாமா? ஆயினும் அப்பா அந்தக் கட்டுகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஒப்படைத்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. இனம் இனமாகப் பட்டியல் எழுதி எடுத்துப் போயிருந்தார். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கையெழுத்தும் போட்டுத் தரவில்லை. "அந்த மூலையில் வையும்" என்றார்களாம். அதற்கப்புறம் வாசலில் யாராவது கூப்பிட்டால், "கணக்குக் கேட்டு வந்திருக்கிறார்களோ?" என்பார். சாகும்வரை அந்தப் பயம் போகவில்லை.

வளப்பூர் நாட்டில் ஒரு சிற்றூருக்குப் போனோம். சாமைக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்த ஒரு பாட்டியிடம், குடும்பத்தார் உழைப்புக்கு எவ்வளவு கூலி போடுவது என்று இவள் கேட்டாள்.

"எங்க காட்டுல நாங்க பாடுபடறதுக்கு யாரு கூலி குடுப்பா சாமி?" என்று பாட்டி சிரித்தாள்.

டில்லியில் பயிர்களுக்கு விலை சிபாரிசு செய்யும் ஆணையம் அந்த உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போட்டுச் செலவில் சேர்க்கிறது. பாட்டிக்கு அது எப்படித் தெரியும்? மிளகு வியாபாரி கொடுத்த முன்பணம் அவள் கணக்கில் வாய்ச்சொல். வியாபாரியிடம் அது நோட்டுப் புத்தகம். இரண்டும் முரண்பட்டால் நோட்டுத்தான் ஜெயிக்கும். என் அப்பா காலத்துக் கைநாட்டும் அப்படித்தான்.

அன்று சாயங்காலம் மகளிர் சுயஉதவிக் குழு கூடியது. பள்ளிக்கூடம் போன ஒரு பெண் சேமிப்பு, கடன், வட்டி எல்லாவற்றையும் உரக்கப் படித்தாள். எழுதத் தெரியாத பாட்டி நடுவில் கையை உயர்த்தி, "போன மாசம் நான் கட்டின 50 எங்கே?" என்றாள். தேடிப் பார்த்தார்கள், விட்டுப் போயிருந்தது. சேர்த்து எழுதி மறுபடி முதலிலிருந்து படித்தார்கள். என் மருமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

முதல் அத்தியாயத்தை அவள் எடுக்கவில்லை. கடைசியில் கொண்டுபோய் வைத்து, மலையில் கண்டதை அதோடு சேர்த்து எழுதப் போகிறாளாம். வழிகாட்டி, பார்க்கலாம் என்றிருக்கிறார்.

ஊர் திரும்பியதும் பரணிலிருந்து அப்பாவின் பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். ஒன்பது தாள்கள், ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்துக்காக விட்ட இடம் வெறுமையாக இருந்தது. அவள் ஒரு முறைக்கு இரு முறை எண்ணினாள். பிறகு தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, "தாள்கள் 9 பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினாள்.