பெயரா? கணக்கா?

ஓர் எண்ணின் வரலாற்றை இங்கு ஆராயப் புகுகின்றோம். எண்ணுக்கும் வரலாறு உண்டோவென நேயர்கள் ஐயுறலாம். உண்டு. அறிஞர் ஒருவரின் சொல்லைச் சரிபார்த்து முடிக்க உலகிற்கு 259 ஆண்டுகள் வேண்டியிருந்தன என்பதே அவ்வரலாறு.

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்து வைக்கும் கதையை யாவரும் அறிவர். பலகையில் உள்ளவை 64 கட்டங்கள். அவற்றோடு மேலும் மூன்று சேர்த்து 67 ஆக்கினால், வைத்த நெல்மணிகளின் மொத்தம் 147573952589676412927 ஆகும். 21 இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணைப் பற்றியதே நம் கட்டுரை.

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாததைப் பகா எண் என்பர். மூன்று கட்டங்களின் மொத்தமாகிய 7 பகா எண். நான்கு கட்டங்களின் மொத்தமாகிய 15 அத்தகையதன்று. அது மூன்றாலும் ஐந்தாலும் வகுபடும். இவ்வகை மொத்தங்களுள் எவை பகா எண்கள் என்று 1644-ல் பிரெஞ்சு நாட்டுத் துறவியும் அறிஞருமான மெர்சென் ஒரு பட்டியல் வெளியிட்டார். 67 கட்டங்களின் மொத்தமும் அதில் இடம்பெற்றது. நிரூபணம் எதுவும் அவர் தரவில்லை. பதினைந்து, இருபது இலக்கமுள்ள எண்ணொன்றைச் சோதிக்க எவ்வளவு காலமும் போதாதென்று அவரே எழுதியும் இருக்கிறார்.

1876-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ், அவ்வெண் பகா எண் அன்று எனப் புதிய முறையொன்றால் காட்டினார். ஆயினும் அம்முறை, எண் வகுபடும் என்று சொல்லுமேயன்றி எதனால் வகுபடும் என்று சொல்லாது.

அதற்கு விடை 1903 அக்டோபரில், நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதச் சங்கத்தில் கிடைத்தது. கணித அறிஞரிடையே வழங்கும் கதை இது: பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் வாய் திறவாமல் கரும்பலகையை அடைந்தார். ஒரு பக்கம் 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தார். மறுபக்கம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரு விடைகளும் இலக்கம் பிசகாமல் ஒத்தன. பேசாமலே சென்று அமர்ந்தார். அவையோர் கைகொட்டி ஆரவாரித்தனர். மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என்று அவர் பின்னர்க் கூறினாராம்.

பட்டியலில் வேறு பிழைகளும் இருந்தன. 257 கட்டங்களின் மொத்தமும் பகா எண் அன்று. 61, 89, 107 கட்டங்களின் மொத்தங்கள் பகா எண்களாயிருந்தும் விடுபட்டிருந்தன. இதனால் மெர்சென்னை இகழ்வது நம் நோக்கமன்று. சோதிக்கத்தக்க கூற்றை அவர் விட்டுச் சென்றதாலன்றோ பின்வந்தோர் சோதித்தனர்! அவர் பெயரே போதுமென்று யாவரும் இருந்திருந்தால் அறிவு அங்கேயே நின்றிருக்கும். தோட்டத்துக் கணக்கேட்டில் துரையே எழுதிய தொகையாயினும், பிழை பிழையே. கிராணி மீண்டும் கூட்டினால் அது வெளிப்பட்டே தீரும்.

இக்காலத்துக் கணினி இவ்வெண்ணை நொடியில் பகுத்துவிடும். ஆனால் கணினியும் வேண்டுவதில்லை. பெருக்கல் கற்ற நம் சிறுவனொருவன் தாளும் பென்சிலும் கொண்டு அக்கணக்கை இன்றே சரிபார்க்கலாம். பேராசிரியர் கோல் சொன்னார் என்பதற்காக அவன் நம்பவேண்டுவதில்லை.