நெருக்கடி நாள்களில் நம்மோடு நடந்தவர்

நூற்றாண்டு மலர்களில் கட்டடங்களும் அதிபர்களும் பரிசில்களும் வரிசையாக இடம்பெறுவது வழக்கம். அவை பதியப்பட வேண்டியவைதான். ஆனால் உடுவிலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இந்தப் பாடசாலை இனி நிலைக்குமா என்று ஐயுறத்தக்க காலங்களின் வரலாறு அது. கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருந்து இம்மலரைப் புரட்டும் சகோதரிகளுக்கு அதைச் சுருக்கமாக நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் அனைவரும் ஏதோ ஒரு வகையில் அத்தகைய காலங்களைக் கடந்து வந்தவர்கள்.

ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் தம் கணவர் மைரன் வின்ஸ்லோவுடன் 1819 இல் போஸ்ரனிலிருந்து கப்பலேறினார். 1820 இல் இருவரும் உடுவிலில் குடியேறினர். அதே ஆண்டில், இனி அமெரிக்க மிஷனரிமார் எவரும் இலங்கைக்கு வரக்கூடாது என்று ஆங்கில அரசு தடை விதித்தது. நோயாலும் மரணத்தாலும் குறைந்துகொண்டே போன ஒரு சிறு குழு, உதவிக்கு ஆள் வரும் என்ற நம்பிக்கையே இல்லாமல் பதின்மூன்று ஆண்டுகள் பணிசெய்ய நேர்ந்தது. நமது விடுதிப் பாடசாலை தொடங்கிய 1824 ஆம் ஆண்டு இந்தத் தடைக்காலத்தின் நடுவில் வருகிறது.

அன்று பெண்பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு என்பதே ஊரின் கேள்வி. மாரிமழைக்கு மிஷன் வீட்டில் ஒதுங்கிய இரண்டு சிறுமிகளிலிருந்தே பெண்களுக்கான கல்வி இங்கு ஆரம்பமாயிற்று என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். வீடு திரும்ப முடியாதபடி வழியை மறித்த மழைதான் கல்விக்கு வாசலைத் திறந்தது என்பது அக்கதையின் பொருள்.

அம்மையாரின் சொந்த வாழ்வு துயரம் நிறைந்தது. கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட மூத்த மகன் சாள்ஸ் 1832 இல் அங்கேயே இறந்துபோனான். ஒரு கடிதம் கடல் கடந்து வர மாதங்கள் செல்லும் காலம் அது. 1833 ஜனவரியில் அம்மையாரும் 36 ஆவது வயதில் கண்மூடினார். அதே ஆண்டில் தடை நீங்கியது. ஆண்டின் பிற்பகுதியில் புதிய மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்திறங்கினர். அவர்களுள் ஒருவர் ஹரியற்றின் சொந்தத் தங்கை எலிசபெத். பதின்மூன்று ஆண்டுகள் எதிர்பார்த்த உதவி வந்து சேர்ந்தபோது அதைக் காண அக்கா உயிரோடு இல்லை.

இந்த இடத்தில் நாம் சற்றுத் தரிக்க வேண்டும். "ஆண்டவர் எல்லாவற்றையும் நன்மைக்கே செய்தார்" என்று சொல்லி இலகுவாகக் கடந்துவிடலாம். அப்படிக் கடப்பது அம்மையாருக்கும் நியாயமாகாது, நம் நடுவே பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கும் ஆறுதலாகாது. மகன் ஏன் இறந்தான், தங்கை ஏன் பிந்தி வந்தாள் என்பதற்கு வரலாறு விடை தரவில்லை. அது காட்டுவது ஒன்றைத்தான்: அம்மையார் மறைந்த பின்னும் பாடசாலை மூடப்படவில்லை. ஸ்போல்டிங் ஐயரும் அவர் மனைவியாரும் அதைத் தாங்கிக்கொண்டனர்.

அடுத்த இடி 1837 இல் விழுந்தது. அமெரிக்காவில் ஏற்பட்ட பொருளாதார வீழ்ச்சியால் மிஷனுக்கு வந்த பணம் குறைக்கப்பட்டது. குடாநாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட கிராமப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். உடுவில் தப்பிற்று. அந்த வீழ்ச்சியின் நிழல் மறையுமுன்னரே, 1840 இல், எலைசா அக்னியூ அம்மையார் இங்கு வந்து சேர்ந்தார். 1879 வரை பாடசாலையை நடத்தினார். ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. தாயையும் மகளையும் பேத்தியையும் படிப்பித்தார். ஆயிரம் புதல்விகளின் தாய் என்று பெயர் பெற்று, 1883 இல் மானிப்பாயில் காலமானார். நெருக்கடிக்கு விடையாக ஆண்டவர் அனுப்பியது பணமல்ல, நாற்பது ஆண்டுகள் இருந்த இடத்தைவிட்டு அசையாத ஒரு பெண்ணை.

நம் தலைமுறையின் இருண்ட இரவு 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நகர்ந்தது. மழையில், இருளில், நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சைக்கிள்களும் மூட்டைகளும் முதியவர்களும் குழந்தைகளுமாக அங்குலம் அங்குலமாக ஊர்ந்த அந்தச் சனத்திரளில் நம் மாணவிகளும் ஆசிரியைகளும் இருந்தனர். அந்த இரவில் ஆண்டவரின் பிரசன்னத்தை உணர்ந்தேன் என்று துணிந்து சொல்லக்கூடியவர்கள் சிலரே. பலர் உணர்ந்தது பயமும் களைப்பும் தாகமும்தான். அது விசுவாசக் குறைவல்ல. எம்மாவு ஊருக்குத் துக்கத்தோடு நடந்த சீடர் இருவரும் தம்மோடு நடந்தவர் யாரென்று வழியில் அறியவில்லை. அப்பம் பிட்கப்பட்டபோதுதான் கண்கள் திறந்தன. வழியில் தங்கள் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்ததை அதன் பிறகே நினைத்துப் பார்த்தனர். இக்கட்டில் நடந்துகொண்டிருக்கும்போது அல்ல, திரும்பிப் பார்க்கும்போதே பெரும்பாலும் அவரை அடையாளம் காண்கிறோம். அதுவும் அநேகமாக அப்பம் பிட்ட ஒரு கையை நினைக்கும்போதுதான். அறியாத வீட்டார் திண்ணையில் விரித்துத் தந்த பாய், பாடசாலை மண்டபத்தில் பலருக்குப் பங்கிட்ட ஒரு பானைக் கஞ்சி, புத்தகமில்லாமலே மரத்தடியில் பாடம் சொன்ன ஆசிரியை: நம் தலைமுறையின் எம்மாவு இவைதான்.

1996 சித்திரையிலிருந்து சனங்கள் மெல்ல ஊர் திரும்பினர். திரும்பாதவர்களும் உண்டு. அவர்கள் பெயர்களைச் சொல்லாமல் நன்றி ஆராதனை நடத்தினால் அது அரை ஆராதனையே. சிலுவையில் தம் குமாரனைக் கொடுத்த ஆண்டவர், அவர்களுக்காக வடிக்கும் கண்ணீரை அறியாதவரல்லர்.

ஆகவே இம்மலரை வாசிக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வாழ்வின் மிக இக்கட்டான நாளில் ஆண்டவரின் கையாக வந்தவரை நினைத்துப் பாருங்கள். அவர் ஆசிரியையாக இருக்கலாம், விடுதியில் சமைத்த அம்மாவாக இருக்கலாம், பெயரே தெரியாத வழிப்போக்கராகவும் இருக்கலாம். அவரைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதி உங்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்களுக்கும் ஓர் இருண்ட இரவு வரும். அப்போது தம்மோடு நடப்பவர் யாரென்று அடையாளம் காண அந்தப் பக்கம் உதவும்.