கட்டையை அமுக்கிய பிறகு...

சென்ற சந்திப்பின்போது பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் (நம்ம 71–74 பிசிக்ஸ் பேட்ச்தான்) "ரிட்டயர் ஆயிட்டு என்னப்பா பண்றே?" என்று கேட்டார். "பழைய சிந்தசைசர்களுக்கு விரல் அழுத்தத்தை உணரும் பட்டை தேய்ந்து போயிருந்தா மாத்திக் கொடுக்கிறேன்" என்றேன். அவர் அப்பளத்தை நொறுக்கியபடியே, "அப்படின்னா?" என்றார். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும், அந்தப் பாக்கியை இங்கேயே தீர்த்துவிடலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

கதை நம் விடுதியில்தான் தொடங்குகிறது. மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் மெல்லிசைக் குழுவின் ஆர்மோனியம் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் அதை வாசிக்கக் கூடாது என்பது வார்டன் உத்தரவு. வாசிக்கவே கூடாது என்பது வீணை கற்றுக்கொண்டிருந்த ஒரு நண்பரின் கட்சி. "கட்டையை அமுக்கினா ஸ்வரம் வரும். அமுக்கின பிறகு விரலுக்கு என்ன வேலை இருக்கு? கமகம் எங்கே?" என்பார். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஸ்வரம் அசையும், குழையும்; ஆர்மோனியத்தில் அது நடக்காது. அகில இந்திய வானொலி 1940ல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டதற்கும் இது முக்கியமான காரணம். அந்தத் தடை தளர்ந்தது 1971ல், நாம் கல்லூரியில் சேர்ந்த அதே வருஷம். நண்பர் மட்டும் தளரவில்லை.

'அமுக்கின பிறகு விரலுக்கு என்ன வேலை?' இந்தக் கேள்வி நம்மூர்க்காரர்களுக்கு மட்டும் வந்ததல்ல என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. ஐரோப்பாவில் பியானோவுக்கு முந்தைய கிளாவிகார்டு என்ற சிறு வாத்தியத்தில், கட்டையை அமுக்கியதும் ஒரு சின்ன உலோகத் தகடு தந்தியைத் தொட்டு, விரலை எடுக்கும்வரை தொட்டபடியே நிற்கும். விரலை லேசாக அழுத்தி அழுத்தி விட்டால் ஸ்வரம் நடுங்கும். ஜெர்மானியர்கள் அதை 'பேபுங்' என்றார்கள். பிறகு பியானோ வந்தது. அதன் சுத்தியல் தந்தியைத் தட்டிவிட்டு உடனே பின்வாங்கிவிடும். அதற்குமேல் விரல் எவ்வளவு அழுத்தினாலும் தந்திக்குத் தெரியாது. சத்தம் கூடியது, அந்த நடுக்கம் போயிற்று.

மின்சாரம் வந்ததும் அதைத் திரும்பப் பிடிக்க முயற்சிகள் நடந்தன. பிரான்சில் மொரீஸ் மார்த்தெனோ என்பவர் செல்லோ வாசித்தவர், முதல் உலகப் போரில் தந்தி இயக்குநராக வேலை பார்த்தவர். 1928ல் பாரிசில் தன் 'ஓந்த் மார்த்தெனோ'வை மேடையேற்றினார். இடது கைக்கு ஒரு சிறு பொத்தான். அதன் கீழே ஒரு தோல் பை. பைக்குள் மின்சாரம் கடத்தும் தூளும் கடத்தாத தூளும் கலந்து இருக்கும். அழுத்தினால் தூள் நெருங்கும், மின்தடை குறையும், ஒலி ஏறும். நம் பழைய கறுப்பு டெலிபோனின் பேசும் பக்கத்தில் கரித்துகள் இருந்ததே, எடிசன் 1877ல் செய்த வித்தை, அதன் ஒன்றுவிட்ட தம்பி இது! மெசியானின் 'துரங்கலீலா' சிம்பொனியில் இந்த வாத்தியம் முக்கியப் பங்கு வகிக்கிறது. 1949ல் பாஸ்டன் நகரில் அது அரங்கேறியபோது வாசித்தவர் மார்த்தெனோவின் தங்கை ஜினெத். தலைப்பு நம் சமஸ்கிருதச் சொற்களிலிருந்து போனது என்பதைப் பெருமையோடு குறிப்பிட்டுவிடுகிறேன்.

கனடாவில் ஹ்யூ லெ கெய்ன் என்ற இயற்பியலாளர் 1945ல் தொடங்கி 1948க்குள் 'எலக்ட்ரானிக் சாக்பட்' செய்து முடித்தார். அதில் கட்டையைக் கீழே அழுத்தினால் ஒலி ஏறும், பக்கவாட்டில் தள்ளினால் ஸ்வரம் வளையும். வீணை நண்பர் பார்த்திருந்தால் சமாதானம் ஆகியிருப்பார். ஆனால் அது ஆய்வுக்கூடத்தைத் தாண்டிக் கடைக்கு வரவில்லை.

கடைக்கு வந்தது ஏ.ஆர்.பி. கம்பெனியின் வாத்தியங்கள். ஆலன் ராபர்ட் பேர்ல்மன் என்ற பொறியாளர் தன் பெயரின் முதலெழுத்துகளையே வைத்து 1969ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கியது. 1972ல் வந்த 'ப்ரோ சோலோயிஸ்ட்' என்ற 37 கட்டை கீபோர்டில் ஒரே சமயத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். ஆனால் கட்டைகளுக்கு அடியில் நீளமாக ஓர் உணரும் பட்டை ஓடும். அமுக்கின கட்டையை மேலும் அழுத்தினால் ஸ்வர நடுக்கம், வளைவு, உறுமல், பளபளப்பு, ஒலி அளவு என்று எது மாற வேண்டுமோ அதைச் சுவிட்சில் தேர்ந்துகொள்ளலாம். ஜெனிசிஸ் குழுவின் டோனி பேங்க்ஸ் இதை வாசித்துப் பிரபலமாக்கினார். பின்னால் 1977ல் வந்த யமஹா சி.எஸ்.80ல் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி அழுத்த உணர்வு. எடை ஏறக்குறைய 100 கிலோ, கல்யாண வீட்டு அண்டா மாதிரி இரண்டு மூன்று பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். 'பிளேடு ரன்னர்' (1982) படத்தில் வான்ஜலிஸ் அழவைத்தது இதைக் கொண்டுதான். 1983ல் மிடி என்ற பொது மொழி வந்தபோது இந்த அழுத்தத்துக்கும் அதில் இடம் கொடுத்துவிட்டார்கள். 'ஆஃப்டர்டச்' என்று பெயர்.

நான் 1984ல் பாஸ்டன் பக்கம் வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏ.ஆர்.பி. மூடி மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாத்தியங்கள் மட்டும் அந்த ஊர் வீடுகளில் கிடந்தன. ஒருவர் கொண்டுவந்தார், அவர் சொல்லி இன்னொருவர், இப்படியே கூடிப்போயிற்று.

எது தேய்கிறது என்று கேட்டால், மின்சுற்று அல்ல. டிரான்சிஸ்டர் நாற்பது ஐம்பது வருஷம் கிண்ணென்று நிற்கும். விரல் படும் இடம்தான் தேயும். மெத்தை போன்ற பகுதி அமுங்கியே போய்விடும். பழைய ஃபோம் பிசுபிசுத்து உதிரும். கீபோர்டைக் கவிழ்த்தால் மேசையில் கறுப்புப் பொடி கொட்டும். வாசிப்பவர் மேலும் மேலும் அழுத்துவார், விரல் மூட்டு வலிக்கும், ஒரு நாள் அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டு மறந்தேபோவார். கீபோர்டு அன்றோடு ஆர்மோனியமாகிவிடும்.

முதன்முதலில் ஒரு ப்ரோ சோலோயிஸ்டைத் திறந்தபோது நான் செய்தது பெரிய தப்பு. பழைய பட்டையைச் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டேன். அந்த இடத்தில் எஃப்.எஸ்.ஆர். என்ற புதிய உணரியை வைத்தேன். ஃபிராங்க்ளின் ஈவென்டாஃப் 1977ல் கண்டுபிடித்தது. இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஒன்றில் மின்கடத்தும் மை. தொடாதபோது மின்தடை ஒரு மெகா ஓமுக்கு மேல். நன்றாக அழுத்தினால் சில கிலோ ஓம். அருமையாக வேலை செய்தது. உரிமையாளர் வயதான வாத்தியக்காரர். பத்து நிமிஷம் வாசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என் கீபோர்டு இல்லை" என்றார்.

எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு நடுங்கும் என்ற கணக்கு அவர் விரலில் இருந்தது. அந்தக் கணக்கின் ஒரே எழுத்துப் பிரதி நான் தூக்கிப்போட்ட பட்டை. குப்பை வண்டி முந்தின நாளே வந்து போயிருந்தது. அவரிடம் காசு வாங்கவில்லை. வாங்காததால் ஒன்றும் சரியாகிவிடவுமில்லை. நம் பிசிக்ஸ் லேபில் ரீடிங் எடுக்காமல் உபகரணத்தைக் கழற்றினால் வாத்தியார் ரெக்கார்டு நோட்டை ஜன்னல் வழியாக வீசுவாரே, அந்த ஜன்னல் ஞாபகம் வந்தது.

அடுத்த ப்ரோ சோலோயிஸ்ட் வந்தபோது பட்டையைத் தொடவேயில்லை. முதலில் ஒவ்வொரு கட்டையாக அமுக்கி மல்டிமீட்டரில் பார்த்தேன். நடுவில் இருந்த பத்துப் பன்னிரண்டு கட்டைகள் செத்துப்போயிருந்தன. இரண்டு ஓரங்களிலும் ஓரளவு உயிர் இருந்தது, அங்கே யாரும் அதிகமாக வாசிப்பதில்லையே! எந்தக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே அந்த மனுஷர் எந்த சுருதியில் பாடினார் என்று சொல்லிவிடலாம். ஓரக் கட்டைகளும் வயதானவைதான். ஆனாலும் பழைய நடத்தைக்கு மிக அருகில் இருப்பவை அவையே.

நாம் யங் குணகம் கண்டுபிடித்த மாதிரியான பித்தளை எடைகளை வாங்கி, ஓரக் கட்டைகளின் நுனியில் 50 கிராமாக ஏற்றி ரீடிங் எடுத்தேன். லாக் கிராஃப் தாளில் புள்ளி வைத்தேன். புதிய உணரிக்கும் அதே சோதனை. இரண்டு கோடும் சேரவில்லை. ஒரு மின்தடையைத் தொடராகவும் இன்னொன்றைப் பக்க இணைப்பாகவும் போட்டதில் பாதி வழி வந்தது. மீதி, மேலே ஒட்டும் ஃபெல்ட் துணியின் தடிமனில் இருந்தது. தடிமன் கூடினால் கட்டையைத் தொட்டதுமே ஸ்வரம் நடுங்கும்; குறைந்தால் இரும்பை அழுத்துகிற மாதிரி இருக்கும். மூன்று வாரம் ஆயிற்று. வீட்டில் என்ன பேச்சு வாங்கினேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

எல்லாவற்றையும் புதிதாக்கு என்று வாசிப்பவர்கள் சொல்கிறார்கள். எதையும் தொடாதே என்று சேகரிப்பவர்கள் சொல்கிறார்கள். வாசிக்க முடியாத வாத்தியம் அலமாரிதான் என்பது என் கட்சி. ஆனால் மார்த்தெனோ 1980ல் போனபின் அவருடைய தூளை மறுபடி செய்ய முயன்றவர்கள் பட்ட பாட்டைப் படித்தபிறகு, எதையும் எறிவதில்லை. பழைய பட்டையை ஒரு கவரில் போட்டு, கிராஃப் தாளையும் தேதியையும் சேர்த்து, வாத்தியத்தின் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவிடுகிறேன். எனக்குப் பின்னால் திறப்பவருக்கு உதவும்.

இரண்டாவது உரிமையாளர் வாசித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நடுக் கட்டை ஒன்றை அமுக்கி, விரலை எடுக்காமல், மெல்ல அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டே இருந்தார்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மெல்லிசைக் குழு அறையில் பழைய கீபோர்டு ஏதாவது தூசி படிந்து கிடந்தால், நான் வரும்வரை அதைத் திறக்காதீர்கள். மல்டிமீட்டரும் எடைகளும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் வருகிறேன்.