அட்சரேகையும் வெப்பமும்: ஒரு காலநிலைப் பிழைக்கருத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஒரே அட்சரேகையில் அமைந்த நிலங்கள் ஒரே அளவு வெப்பம் உடையன என்னும் கருத்து, கிரேக்கர் காலம் முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் புவியியற் சிந்தனையில் செல்வாக்குப் பெற்றிருந்தது. அக்கருத்தின் தோற்றம், வட அமெரிக்கக் குடியேற்றங்களில் அது விளைவித்த இழப்பு, 1817இல் ஹம்போல்ட் வகுத்த சமவெப்பக் கோடுகளால் அது வலுவிழந்த முறை ஆகியன இக்கட்டுரையில் ஆராயப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: அட்சரேகை, காலநிலை, குடியேற்றம், சமவெப்பக் கோடு, ஹம்போல்ட்.

முன்னுரை

ஒரு நிலம் வெப்பமானதா, குளிரானதா என்னும் வினாவிற்கு விடை எளிதெனத் தோன்றும். ஆயினும் வெப்பமானி பரவலாவதற்கு முன்னர் அவ்விடை அளவீட்டினால் பெறப்படவில்லை. அறிந்த நிலத்தோடு அறியாத நிலத்தை ஒப்பிட்டே பெறப்பட்டது. அவ்வொப்பீட்டிற்கு அடிப்படையாக அமைந்தது அட்சரேகை. அந்த அடிப்படை தவறியபோது பிழை ஏட்டளவில் நிற்கவில்லை. மனித உயிர்களையும் பலிகொண்டது.

கொள்கையின் தோற்றம்

காலநிலையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் ‘கிளிமா’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தவை. அதன் பொருள் ‘சாய்வு’ என்பதாகும். கதிரவனின் சாய்வே ஓரிடத்தின் வெப்பத்தை முடிவு செய்கிறது என்னும் கருத்து இச்சொல்லிலேயே உறைந்துள்ளது. அரிஸ்டாட்டில் உலகை மண்டலங்களாகப் பகுத்து, கடக, மகர ரேகைகளுக்கு இடைப்பட்ட பகுதி வெப்ப மிகுதியால் மக்கள் வாழ இயலாதது என்றார்.

இக்கூற்றுக்கு மறுப்பாக அமைந்த நிலங்களுள் பழந்தமிழகமும் ஒன்று. தமிழகம் முழுவதும் கடக ரேகைக்குத் தெற்கே அமைந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரேயக் கடற்பயண விவரம்’ முசிறியின் வணிகச் செழிப்பைப் பதிவு செய்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி, முசிறியோடு உள்நாட்டு நகரங்களான கரூரையும் மதுரையையும் தம் புவியியல் நூலில் குறித்துள்ளார். எனினும் பழைய மண்டலக் கொள்கை மறையவில்லை. 1590இல் வெளிவந்த தம் நூலில் இயேசு சபைத் துறவி ஹோசே தெ அகோஸ்தா, நிலநடுக்கோட்டைக் கடந்தபோது வெயிலில் நின்று குளிர்காய நேர்ந்ததையும், அரிஸ்டாட்டிலின் கருத்தை எண்ணி நகைத்ததையும் எழுதியுள்ளார்.

குடியேற்றங்களில் நேர்ந்த விளைவு

வெப்ப மண்டலத்தைப் பற்றிய கருத்து இவ்வாறு ஐயத்திற்குள்ளான பின்னரும், மிதவெப்ப மண்டலத்திற்கு அட்சரேகை விதி பொருந்தும் என்னும் நம்பிக்கை நீடித்தது. வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் தென் ஸ்பெயினின் அட்சரேகையில் உள்ளது. ஆகவே அங்கிருந்து பட்டு, திராட்சைமது, ஒலிவ எண்ணெய் ஆகியன கிடைக்கும் என ஆங்கிலேயர் எதிர்பார்த்தனர். 1607இல் இன்றைய மெய்ன் மாநிலத்தின் கடற்கரையில், தென் பிரான்சின் அட்சரேகையில் நிறுவப்பட்ட பாப்பம் குடியேற்றம் ஒரே குளிர்காலத்திற்குப் பின் 1608இல் கைவிடப்பட்டது. தலைவர்களின் இழப்பும் இதற்குக் காரணமாயினும், எதிர்பாராத கடுங்குளிரின் பங்கு மறுக்கத்தக்கதன்று.

இதனினும் தெளிவான சான்று நியூஃபவுண்ட்லாந்தின் ஃபெரிலாந்து ஆகும். பிரான்சின் நாந்த் நகரின் அட்சரேகையை ஒட்டிய இவ்வூர் இலண்டனுக்கு ஏறத்தாழ 4 பாகை தெற்கே உள்ளது. இங்குக் குளிர்காலம் குறுகியது, தாங்கத்தக்கது என அதன் ஆளுநர் எட்வர்ட் வின் 1622இல் எழுதினார். குடியேற்றத்தின் உரிமையாளரான ஜார்ஜ் கால்வர்ட் 1628இல் குடும்பத்துடன் வந்து தங்கினார். 1629 ஆகஸ்டில் அவர் மன்னருக்கு எழுதிய மடல், அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரை குளிர் நீடித்ததையும், உடனிருந்த 100 பேரில் ஒரே வேளையில் 50 பேர் நோயுற்றதையும், 9 அல்லது 10 பேர் இறந்ததையும் தெரிவிக்கிறது. அவர் தெற்கே நிலம் வேண்டினார். அதன் விளைவாக 1632இல் மேரிலாந்து உரிமைப் பட்டயம் அவர் மகனுக்கு வழங்கப்பட்டது.

அக்காலம் ‘சிறு பனியுகம்’ எனப்படும் குளிர்ந்த காலப்பகுதிக்குள் அடங்குவதால், துயரத்தின் ஒரு பகுதி அதனாலும் நேர்ந்திருக்கலாம். ஆயினும் இன்றைய சராசரியிலும் நாந்த் நகரின் சனவரி வெப்பம் ஏறத்தாழ 6 பாகை செல்சியசாக இருக்க, நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் அது சுழியத்திற்குக் கீழே 4 பாகையளவில் உள்ளது. வேறுபாடு நிலையானது என்பது இதனால் பெறப்படும்.

அனுபவம் முரண்பட்ட பின்னரும் விதி உடனே கைவிடப்படவில்லை என்பதை கேரன் குப்பர்மன் 1982இல் வெளியிட்ட ஆய்வு விளக்குகிறது. காடுகளை அழித்து உழுதால் நிலம் வெப்பமுறும் என்னும் துணைக்கருத்து எழுந்தது. 1770இல் ஹியூ வில்லியம்சன் அமெரிக்க மெய்யியல் கழகத்தில் இக்கருத்தை முன்வைத்தார். விதியைத் திருத்துவதற்கு மாறாக, நிலம் திருந்தும் என எதிர்பார்த்தமை இங்கு நோக்கத்தக்கது.

சமவெப்பக் கோடுகள்

1817இல் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட், பல ஊர்களின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையைத் தொகுத்து, சம வெப்பமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்தார். அக்கோடுகள் அட்சரேகைகளுக்கு இணையாகச் செல்லவில்லை. மேற்கு ஐரோப்பாவில் வடக்கே உயர்ந்தும், அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் கிழக்காசியாவிலும் தெற்கே தாழ்ந்தும் வளைந்தன. லிஸ்பனும் பெய்ஜிங்கும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையின. சனவரிச் சராசரியோ முன்னதில் 11 பாகை, பின்னதில் சுழியத்திற்குக் கீழே 3 பாகை.

கடல்நீர் மெல்லச் சூடாகி மெல்லக் குளிர்கிறது. இவ்வட்சரேகைகளில் வீசும் மேலைக்காற்று ஐரோப்பாவிற்குக் கடலின் மிதத்தன்மையைக் கொணர்கிறது. கண்டங்களின் கிழக்குக் கரைகளுக்கோ உள்நிலத்தின் கடுங்குளிரைக் கொணர்கிறது. ஆண்டுச் சராசரி மட்டும் போதாது என்பதையும் ஹம்போல்ட் உணர்ந்து, கோடைக்கும் குளிர்காலத்திற்கும் தனித்தனிக் கோடுகள் வேண்டும் என்றார்.

ஒரு பிழை நீங்கிய இடத்தில் மற்றோர் எளிமைப்படுத்தல் புகுந்தது. ஐரோப்பாவின் மிதவெப்பத்திற்கு வளைகுடா நீரோட்டமே காரணம் என்னும் கருத்தை மேத்யூ மோரியின் 1855ஆம் ஆண்டு நூல் பரப்பியது. 2002இல் ரிச்சர்ட் சீகரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு, காற்றோட்டத்தின் போக்கும் கடல் கோடையில் சேமிக்கும் வெப்பமுமே முதன்மைக் காரணங்கள் எனக் காட்டியது. நீரோட்டத்தின் பங்களிப்பு எவ்வளவு என்னும் விவாதம் தொடர்கிறது.

முடிவுரை

அட்சரேகை விதி முற்றிலும் பொய்யன்று. கதிரவன் ஒளியின் அளவை அது சரியாகவே காட்டுகிறது. பல காரணங்களுள் ஒன்றை முழுக் காரணமாகக் கொண்டதே பிழை. ‘வெப்பம்’ என்னும் சொல்லும் இடத்திற்கேற்பப் பொருள் கொள்வதே. இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலையைக் கணிப்பதற்குச் சமவெளியில் 40, கடற்கரையில் 37, மலைப்பகுதியில் 30 பாகை செல்சியசைக் குறைந்த அளவாகக் கொண்டு, இயல்பிலிருந்து விலகும் அளவையும் கருதுகிறது. சமவெளியில் இயல்பாகக் கொள்ளப்படும் வெப்பம் மலையில் வெப்ப அலையாகலாம். ஃபெரிலாந்தில் அக்குளிர்காலத்தைக் கழித்தோர் அறிந்துகொண்டதும் இதுவே: ஒரு நிலத்தின் தட்பவெப்பத்தை அந்நிலத்திலேயே அளந்தறிய வேண்டும், பிறிதொரு நிலத்தைக் கொண்டு முடிவு செய்தலாகாது.